58 வெற்றி பெற்ற அணி நான்கே ஆட்டத்தில் வீழ்ந்தது எப்படி?

வேலை மாற்றலாகி அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தின் பாய்சி நகருக்கு வந்திருக்கும் நீங்கள் கேட்டிருப்பது இது: "அலுவலகத்தில் எல்லாரும் இன்னும் 2023-ஐச் சொல்லிப் புலம்புகிறார்கள். ஊர் அணியான ஐடஹோ ஸ்டீல்ஹெட்ஸ் 72 ஆட்டங்களில் 58 ஜெயித்து, இறுதிப் போட்டியில் ஃபுளோரிடா அணியிடம் ஒரு ஆட்டம்கூட வெல்லாமல் 4-0 என்று தோற்றதாம். அந்த ஃபுளோரிடா தன் பிரிவிலேயே நாலாவது இடமாம். இது ஃபிக்ஸிங் இல்லையா? இல்லையென்றால் அந்த 72 ஆட்டத்துக்கு என்னதான் மரியாதை?" ஐஸ் ஹாக்கியைப் பற்றிக் கேட்பதுபோல் இருந்தாலும், புள்ளிப் பட்டியலை நம்பலாமா என்பதுதான் உங்கள் உண்மையான கேள்வி என்று எடுத்துக்கொள்கிறேன்.

நான் பாய்சிக்காரன் இல்லை. இதே லீக்கில் ஆடும் வேறொரு ஊரில், பல சீசன்களாக, ஆட்ட நாட்களில் பெனால்டி பெட்டியின் (தவறு செய்த ஆட்டக்காரரைச் சில நிமிடம் உட்கார வைக்கிற இடம்) கதவைத் திறந்து மூடுகிற ஆள். சில நாள் ஸ்கோர் மேசையில் உட்காருவேன். பகலில் கம்ப்யூட்டர் வேலை. எங்களைப் போன்றவர்கள் எல்லாம் உள்ளூர்ப் பகுதிநேர ஆட்கள்தான். பயிற்சியாளர்கள் மூடிய அறைக்குள் பேசுவது எங்கள் காதுக்கு வராது. ஆனால் எந்த ஆள் எந்த வாரம் வந்தான், எந்த வாரம் காணாமல் போனான் என்பது மட்டும் எங்களுக்கு நன்றாகத் தெரியும். உங்கள் கேள்விக்குப் பாதிப் பதில் அதிலேயே இருக்கிறது.

முதலில், சந்தேகமில்லாமல் சொல்லக்கூடியவை. 2022-23 சீசனில் இசிஹெச்எல் லீக்கில் 28 அணிகள். ஸ்டீல்ஹெட்ஸ் 58 வெற்றி, 11 தோல்வி, கூடுதல் நேரத்தில் 3 தோல்வி. வெற்றிக்கு 2 புள்ளி, கூடுதல் நேரத்தில் தோற்றால் 1 புள்ளி என்பதால் மொத்தம் 119. அதுவரை அந்த லீக்கில் யாரும் எடுக்காத புள்ளி. பட்டியலில் முதலிடம் வரும் அணிக்குத் தருகிற பிராபம் கோப்பை அவர்களுக்கே வந்தது. ஃபுளோரிடா எவர்பிளேட்ஸ் தெற்குப் பிரிவில் நாலாவதாக, அதாவது கடைசி வாய்ப்பில் பிளேஆஃபுக்குள் (72 ஆட்டம் முடிந்தபின் கோப்பைக்காக நடக்கிற சுற்றுகள்) நுழைந்த அணி. ஏழு ஆட்டத் தொடரில் முதலில் நான்கு வெல்பவருக்குக் கோப்பை; ஜூனில் நடந்த இறுதித் தொடரில் முதல் நான்கு ஆட்டமும் அவர்களுக்கு. உங்கள் அலுவலக நண்பர்கள் எதையும் மிகைப்படுத்தவில்லை.

ஃபிக்ஸிங் என்று சந்தேகப்பட எனக்கு எந்த முகாந்திரமும் தெரியவில்லை. சாதாரணக் காரணங்களே இதற்குப் போதும். அதைப் புரிந்துகொள்ள இந்த லீக் எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும். மேலே வட அமெரிக்காவின் முதல்நிலை லீக்கான என்ஹெச்எல், அதற்குக் கீழே ஏஹெச்எல், அதற்கும் கீழே இசிஹெச்எல். பாய்சி அணிக்கு மேலே டெக்சஸ் ஸ்டார்ஸ், அதற்கு மேலே டல்லாஸ் ஸ்டார்ஸ். ஒரே உடைமாற்றும் அறையில் மூன்று விதமான ஆட்கள் இருப்பார்கள். டல்லாஸிடம் ஒப்பந்தம் போட்டு, பழகிக்கொள்ளட்டும் என்று இங்கே அனுப்பப்பட்ட பையன்கள் ஒரு வகை. ஏஹெச்எல் அணியிடம் சம்பளம் வாங்கிக்கொண்டு இங்கே ஆடுபவர்கள் இன்னொரு வகை. மிச்சமுள்ள பெரும்பான்மை, இந்த லீக்கின் ஒப்பந்தத்திலேயே இருப்பவர்கள். முதல் இரண்டு வகையை மேலே உள்ள அணி எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். உள்ளூர்ப் பயிற்சியாளரால் ஒன்றும் சொல்ல முடியாது. மூன்றாவது வகை ஆளையும் ஏஹெச்எல் அணிகள் 25 ஆட்டம் வரை பரீட்சார்த்தமாக ஆட வைத்துப் பார்க்கலாம். அப்படி ஒரு அழைப்பு வந்தால் எந்தப் பயிற்சியாளரும் தடுக்க மாட்டார். தடுத்தால் அடுத்த வருஷம் அவரை நம்பி எவன் வந்து கையெழுத்துப் போடுவான்?

என் மேசையில் இது எப்படித் தெரியும் என்று சொல்கிறேன். ஆட்டத்துக்கு முன்னால் இரு அணிகளின் ஆள் பட்டியலும் எங்களிடம் வரும். வெள்ளிக்கிழமை வந்த தாளையும் சனிக்கிழமை வந்த தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் இரண்டு மூன்று பெயராவது மாறியிருக்கும். அறிவிப்பாளர் வந்து, "இந்தப் புதுப் பையன் பெயரை எப்படிச் சொல்வது?" என்று விசாரிப்பார். உபகரணங்களைக் கவனிப்பவர் ஒரு மூலையில் தையல் மெஷினை வைத்துக்கொண்டு ஜெர்சியின் முதுகில் பெயர்ப்பட்டையைத் தைத்துக்கொண்டிருப்பார். நேரமில்லை என்றால் வெறும் எண்ணோடு ஆள் இறங்கிவிடுவான். இரண்டு கோல்கீப்பரில் ஒருவரை மதியம் மேலே கூப்பிட்டுவிட்டால், ஊரில் பொழுதுபோக்குக்கு கோல்கீப்பராக நிற்கிற யாராவது ஒருவர், கணக்காளரோ பள்ளி ஆசிரியரோ, அன்றிரவு முழுச் சீருடையில் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். பெரும்பாலும் அவர் பனியில் இறங்காமலே வீட்டுக்குப் போய்விடுவார். ஆட்டத்தின் கடைசிப் பகுதியான மூன்றாவது பீரியட் முழுக்க அவர் முகத்தைப் பார்ப்பது தனிப் பொழுதுபோக்கு.

ஆக, அக்டோபரில் தொடங்கிய அணியும் ஏப்ரலில் முடிக்கிற அணியும் ஒரே பெயரில் இருக்கும் இரண்டு அணிகள். 58 வெற்றியையும் ஒரே இருபது பேர் எடுக்கவில்லை. ஆட்கள் வந்து போய்க்கொண்டே இருக்கும்போதும் ஒரு அணி தடுமாறாமல் ஆடுகிறதா என்பதைத்தான் இந்த லீக்கின் புள்ளிப் பட்டியல் முதலில் அளக்கிறது. அந்த வேலையில் எவரெட் ஷீன் பயிற்சியளித்த ஐடஹோவை அந்த வருஷம் அடித்துக்கொள்ள ஆளில்லை.

அட்டவணையும் அப்படித்தான். மேற்குப் பக்க ஊர்கள் ஒன்றுக்கொன்று வெகு தூரம். பாய்சியிலிருந்து பக்கத்து எதிரணி என்று அப்போது சொல்லத்தக்கதாக இருந்த யூட்டா கிரிஸ்லீஸ் ஆடிய சால்ட் லேக் சிட்டிப் பக்கமே ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல். அதனால் ஒரு ஊருக்குப் போனால் புதன், வெள்ளி, சனி என்று அதே அணியோடு மூன்று ஆட்டம் ஆடிவிட்டுத்தான் கிளம்புவார்கள். கிழக்கே வெள்ளி, சனி, ஞாயிறு என்று மூன்று நாளில் மூன்று ஆட்டம்கூட உண்டு. நடுவில் ராத்திரி பஸ். இப்படி ஆடும்போது ஒரே கோல்கீப்பரை எல்லா நாளும் நிறுத்த முடியாது. இரண்டு நல்ல கோல்கீப்பர் இருந்தால் சீசன் முழுக்க அறுவடைதான். ஐடஹோவுக்கு அந்த வருஷம் அது வாய்த்தது: ரெமி பொய்ரியே, ஆடம் ஷீல் என்று டல்லாஸ் ஒப்பந்தத்தில் இருந்த இரண்டு பேர். எதிரணி தன் இரண்டாவது ஆளை நிறுத்துகிற சனிக்கிழமைகளிலும் ஐடஹோவிடம் முதல்தர ஆள் நின்றார். இன்னொரு விஷயம்: 72 ஆட்டத்தில் பெரும்பங்கு சொந்தப் பிரிவில் இருக்கும் மற்ற ஆறு அணிகளோடுதான். அதனால் 80 சதவீத வெற்றி என்பது 28 அணிகளுக்கும் எதிரான 80 சதவீதம் இல்லை.

பிளேஆஃபில் இந்தக் கணக்கு தலைகீழாகிறது. ஆட்டங்களுக்கு நடுவே ஓய்வு கிடைக்கும். ஒரே கோல்கீப்பரை வைத்தே தொடரை ஓட்டலாம். இரண்டாவது ஆள் எவ்வளவு நல்லவர் என்பதற்கு மதிப்புக் குறைந்துவிடும். சீசனில் கூடுதல் நேரத்தில் மூன்று பேருக்கு மூன்று பேர் ஆடி, அதிலும் முடியாவிட்டால் ஷூட்அவுட்டில், அதாவது ஒவ்வொருவராகக் கோல்கீப்பரை எதிர்த்து அடிக்க வைத்து, தீர்த்துவிடுவார்கள். பிளேஆஃபில் அதெல்லாம் கிடையாது. ஐந்து பேரோடு முழு இருபது நிமிடம், கோல் விழுகிறவரை மறுபடி இருபது நிமிடம். ஃபுளோரிடாவிடம் கேம் ஜான்சன் இருந்தார். 2022, 2023, 2024 மூன்று கோப்பைகளிலும் வலைக்கு முன் நின்றது அவர்தான்.

இங்கே கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஹாக்கியில் கோல் குறைவு. பக் (பந்துக்குப் பதிலான ரப்பர் வட்டு) ஒருவர் ஸ்கேட்டில் பட்டுத் திரும்பினாலே ஆட்டம் மாறிவிடும். அதனால் நல்ல அணிக்கும் சுமார் அணிக்கும் இடையே ஒரே ஒரு ஆட்டத்தை மட்டும் எடுத்துக்கொண்டால் வித்தியாசம் நாம் நினைப்பதைவிடச் சின்னது. ஒவ்வொரு ஆட்டத்திலும் ஐடஹோவுக்கு 60 சதவீத வாய்ப்பு என்று வையுங்கள். ஏழு ஆட்டத் தொடரை அவர்கள் ஜெயிக்கும் வாய்ப்பு சுமார் 71 சதவீதம். நான்கு சுற்றையும் ஜெயித்துக் கோப்பையைத் தூக்கும் வாய்ப்பு 25 சதவீதத்துக்குச் சற்று மேல், அவ்வளவுதான். ஆட்டத்துக்கு 65 சதவீதம் என்று தாராளமாகக் கொடுத்தாலும் கோப்பை 41 சதவீதத்தோடு நிற்கிறது. அதாவது, அப்போதும் தோற்பதற்கே வாய்ப்பு அதிகம். சரி, நான்கும் தொடர்ந்து தோற்பது? 60 சதவீத அணிக்கு அது நாற்பதில் ஒரு தடவை நடக்கும். 55 சதவீதம் என்றால் இருபத்தைந்தில் ஒரு தடவை. அபூர்வம்தான், ஆனால் போலீஸைக் கூப்பிடும் அளவுக்கு அபூர்வம் இல்லை. இந்த 55, 60 எல்லாம் நான் வசதிக்காக எடுத்துக்கொண்ட எண்கள். இறுதிப் போட்டிக்கு வந்துவிட்ட ஒரு அணிக்கு எதிராக யாருக்கும் 80 சதவீதம் இருக்காது என்பதில் மட்டும் எனக்குச் சந்தேகமில்லை.

இதோடு "எல்லாம் அதிர்ஷ்டம்" என்று முடித்திருப்பேன். ஆனால் ஒரு விஷயம் உறுத்துகிறது. 2022-இல் பட்டியலில் முதலிடம் டொலீடோ. இறுதிப் போட்டியில் ஃபுளோரிடாவிடம் தோற்றது. 2023-இல் ஐடஹோ. 2024-இல் முதலிடம் கான்சஸ் சிட்டி. அதுவும் இறுதியில் ஃபுளோரிடாவிடமே தோற்றது. மூன்று வருஷம் தொடர்ந்து முதலிடக்காரர்களை ஒரே அணி வீழ்த்தினால் அதிர்ஷ்டத்தை மட்டும் காரணம் காட்ட முடியாது. இந்த லீக்கில் அதற்கு முன் யாரும் தொடர்ந்து மூன்று கோப்பை வென்றதில்லை.

இனி சொல்வது என் அபிப்பிராயம், நிரூபணம் இல்லை. இந்த லீக்கில் ஒரு விதி உண்டு: தொழில்முறையில் 260 ஆட்டத்துக்கு மேல் ஆடிய அனுபவசாலிகள் ஒரு அணியில் நான்கு பேருக்கு மேல் இருக்கக்கூடாது. கோல்கீப்பருக்கு இது கிடையாது. இளைஞர்களை வளர்க்கத்தான் லீக் என்பதால் இந்தக் கட்டுப்பாடு. அந்த நான்கு இடத்தை ஒரு அணி யாரை வைத்து நிரப்புகிறது என்பதில்தான் பயிற்சியாளரின் மூளை தெரியும். பிராட் ரால்ஃப் 2016-இல் எவர்பிளேட்ஸின் பயிற்சியாளராக வந்தவர். வருஷா வருஷம் திரும்பி வருகிற, லீக்கின் ஒப்பந்தத்திலேயே இருக்கிற ஆட்களைச் சுற்றி அவர் அணியைக் கட்டியதாகத்தான் வெளியிலிருந்து பார்க்கும் எனக்குத் தோன்றுகிறது. அப்படிப்பட்ட அணி பிப்ரவரியில் காயத்தாலும் அழைப்புகளாலும் தள்ளாடி நாலாவது இடத்துக்கு வரலாம். மே மாதம் ஆட்கள் எல்லாம் வந்து சேர்ந்ததும் அது வேறு அணி. எவர்பிளேட்ஸ் இருக்கும் ஃபோர்ட் மையர்ஸ் பக்கத்துக் கடற்கரை வெயிலும் ஆட்களைத் திரும்ப இழுப்பதற்கு உதவாமலா இருக்கும்? பெனால்டி பெட்டிக்கு வரும் பையன்களிடம் அடுத்த வருஷம் எங்கே ஆட ஆசை என்று கேட்டுப் பாருங்கள். முதலில் ஊரின் தட்பவெப்பத்தைப் பற்றித்தான் பேசுவார்கள்.

சம்பளத்தைத் தெரிந்துகொண்டால் அந்தப் பேச்சு புரியும். 2022-23 வாக்கில் புதிதாக வரும் ஆளுக்குக் குறைந்தபட்சம் வாரம் சுமார் 500 டாலர். அணிக்கே வாரச் சம்பள உச்சவரம்பு இருக்கிறது, ஆகவே நட்சத்திரத்துக்கும் பெரிதாகக் கொட்டிக் கொடுக்க முடியாது. தங்க வீட்டை அணியே தரும்; இரண்டு மூன்று பேர் சேர்ந்து இருப்பார்கள். சீசன் முடிந்தால் சம்பளமும் முடிந்தது. கோடைக்கு வேறு வேலை பார்க்க வேண்டும். எல்லா அணியும் ஏறக்குறைய ஒரே தொகையைத்தான் தர முடியும் என்னும்போது ஊர், வீடு, பயிற்சியாளர், மேலே போக வழி இருக்கிறதா என்பவைதான் ஒருவனைத் தீர்மானிக்க வைக்கும்.

உங்கள் நண்பர்கள் வேறு காரணங்களும் சொல்வார்கள். முக்கிய ஆட்கள் காயத்தோடு ஆடினார்கள் என்பது ஒன்று. இருக்கலாம். ஆனால் ஹாக்கியில் காயத்தை "மேலுடம்பு", "கீழுடம்பு" என்பதற்கு மேல் யாரும் வெளியே சொல்ல மாட்டார்கள்; எதிரணி அந்த இடத்தைக் குறிபார்த்து இடிக்கும் என்ற பயம். ஆகவே காயத்தைக் காரணமாகச் சொல்பவர் அனேகமாக ஊகித்துத்தான் சொல்கிறார். ஜூன் மாதத்துப் புழுக்கத்தில் ஃபுளோரிடாவின் பனித்தளம் மென்மையாகி, வேகமான ஐடஹோவுக்குப் பாதகமாகிவிட்டது என்பது இன்னொன்று. கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் பட்டியலில் மேலே இருந்ததால் முதல் இரண்டு ஆட்டமும் பாய்சியில்தான் நடந்தன, அவற்றிலேயே தோற்றாயிற்று! மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேல் பயணம், இரண்டு மணி நேர நேரவித்தியாசம் என்ற வாதமும் அதே கல்லில் இடறுகிறது. முதலில் பயணம் செய்து வந்தது ஃபுளோரிடாதான்.

அப்படியானால் 72 ஆட்டத்துக்கு மரியாதை இல்லையா என்று கேட்டீர்கள். கோப்பைக்கு உத்தரவாதம் என்ற அர்த்தத்தில் இல்லைதான். ஆனால் இந்த லீக்கின் வேலை கோப்பையோடு முடிவதில்லை. இங்கே ஆடிவிட்டு என்ஹெச்எல் போனவர்கள் 700 பேருக்கு மேல். 2012-இல் லாஸ் ஏஞ்சலஸுக்கு என்ஹெச்எல்லின் ஸ்டான்லி கோப்பை வாங்கித் தந்த கோல்கீப்பர் ஜானதன் குயிக் முன்பு ரெடிங் ராயல்ஸில் நின்றவர். 2018-இல் வாஷிங்டனுக்காக வென்ற பிரேடன் ஹோல்ட்பி சவுத் கரோலினா ஸ்டிங்ரேஸில் இருந்தவர். ஜாரெட் பெட்னார் என்ற பயிற்சியாளர் 2009-இல் ஸ்டிங்ரேஸோடு இந்த லீக்கின் கெல்லி கோப்பை, 2016-இல் ஏஹெச்எல்லின் கால்டர் கோப்பை, 2022-இல் கொலராடோவோடு ஸ்டான்லி கோப்பை என்று மூன்று படியும் ஏறியவர். இவர்களையெல்லாம் கவனிக்க வைத்தது நவம்பர், டிசம்பர் மாதத்து ஆட்டங்கள்தான்.

தவிர, ஒரு சீசனை முழுதாக முடிப்பதே இங்கே எல்லா அணிக்கும் வாய்ப்பதில்லை. 2023 அரையிறுதியில் ஃபுளோரிடாவிடம் தோற்ற நியூஃபவுண்ட்லாண்ட் குரோலர்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். 2018-19-இல் தன் முதல் சீசனிலேயே கெல்லி கோப்பையை வென்ற அணி அது. 2024 ஏப்ரல் தொடக்கத்தில், சீசன் முடியச் சில நாட்களே இருக்கும்போது, லீக் அதன் உறுப்பினர் உரிமையை ரத்து செய்துவிட்டது. ஆட்டக்காரர்கள் ஒரே நாளில் அணியில்லாதவர்கள் ஆனார்கள். குரோலர்ஸ் 2019-இல் வென்றபோது கையில் வாங்கியது புதிதாகச் செய்த கோப்பை என்பது உபரிக் கதை. அதற்கு முந்தைய சாம்பியனான கொலராடோ ஈகிள்ஸ் ஏஹெச்எல்லுக்குப் போனபோது பழைய கோப்பையைத் திருப்பித் தராமல் வைத்துக்கொண்டது.

உங்கள் ஊர் அணி 2004-இலும் 2007-இலும் கெல்லி கோப்பையை வென்றிருக்கிறது. 2004-இல் இறுதியில் யாரை வீழ்த்தினார்கள் என்று அடுத்த முறை புலம்பல் தொடங்கும்போது கேளுங்கள்: இதே ஃபுளோரிடா எவர்பிளேட்ஸைத்தான், 4-1 என்று.

டிக்கெட் வாங்கலாமா என்றும் கடைசியில் ஒரு வரி போட்டிருந்தீர்கள். தாராளமாக வாங்குங்கள். ஐந்தாயிரம் பேர் அளவுக்கான அரங்கம் என்பதால் எங்கே உட்கார்ந்தாலும் கிட்டத்தில்தான். முடிந்தால் பெனால்டி பெட்டிக்குப் பக்கத்துக் கண்ணாடியோரம் இடம் பாருங்கள். ஒரே எதிரணியோடு மூன்று ஆட்டம் என்று வருகிற வாரத்தில் மூன்றாவது ஆட்டத்துக்குப் போங்கள். புதன்கிழமை தொடங்கிய சண்டைகள் எல்லாம் சனிக்கிழமைக்குத்தான் பழுக்கும். போவதற்கு முன் லீக்கின் தளத்தில் அன்றன்று வரும் ஆள் மாற்றப் பட்டியலை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போங்கள். அதில் கோல்கீப்பர் யாராவது மேலே போயிருந்தால் பெஞ்சின் ஓரத்தில் பெயர் தெரியாத ஒருவர் உட்கார்ந்திருப்பார். அவருக்கும் சேர்த்துக் கைதட்டுங்கள்.